நான் கொட்டச் சொன்ன முட்டைகள்

இன்று காலை காப்பி ஆறுவதற்குள் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்துவிட்டேன். என் மகள் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. அரை நிமிடம்கூட ஓடாது. சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அதற்குள் ஒரு கரு, என் மகளின் கரு, முதல் மூன்று நாட்களில் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுவது. திருப்பதியில் அவள் போகும் சிகிச்சை மையத்தில் கருக்களை வைக்கும் பெட்டிக்குள்ளேயே கேமரா இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒரு படமாக எடுத்து, மூன்று நாளை அரை நிமிடத்துக்குள் ஒட்டிக் கையில் கொடுக்கிறார்கள். பெற்றோர் ஆகப்போகிறவர்கள் பார்த்து மகிழட்டும் என்பதற்காக.

நான் பதினோராவது விநாடியில் நிறுத்துகிறேன். ஒவ்வொரு முறையும் அங்கேதான். அந்த இடத்தில் நடந்திருப்பதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எனக்கு உன்னை விட்டால் ஆள் இல்லை. நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நீ இருந்தபோது உனக்கு ஒரு பொங்கல் வாழ்த்துகூட நான் எழுதியதில்லை. இப்போது உட்கார்ந்து மடல் எழுதுகிறேன். இது எவ்வளவு முறைகேடு என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தோரு வருடம் ஒரே லேபில் இருந்தோம். நான் விலங்கியல் விரிவுரையாளர், நீ லேப் அட்டெண்டர். நான் சித்தூரில் கான்வென்டில் படித்தவள். மார்ஜின் கோடு கோணினால் பக்கத்தையே கிழித்துக் கையில் கொடுக்கும் மதரிடம் எழுதக் கற்றவள். நீ பிச்சாட்டூருக்கு அப்பால், எல்லையை ஒட்டிய ஊரிலிருந்து வந்தவள். உன் அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லை. அடுத்தவர் கழனியில் உழைத்து உன்னைப் பத்தாவது வரை படிக்கவைத்தார். முதல் நாள் என்னை ‘மேடம்’ என்றாய். கடைசியாகப் போனில் பேசிய நாளிலும் ‘மேடம்’ என்றாய். நான் உன்னை முதல் நாளிலிருந்தே ‘நீ’ என்றேன். நம் இருவருக்கும் ஒரே வயது.

ஐப்பசி மழை பிடித்ததும் கடைசி வருட மாணவிகளுக்குக் கருவியல் செய்முறை தொடங்கும். அதற்கு முட்டையிடப்போகும் தவளைகள் வேண்டும். உன் ஊர் வயலில் ஜோடி சேர்ந்திருப்பவற்றை அப்படியே வாளியில் போட்டு, மேலே ஈரத்துணி கட்டி, முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாய். ஒரு முறை கண்டக்டர், வாளியில் என்ன இருக்கிறது என்று தெலுங்கு கலந்து, “வாளியில ஏமுந்தி?” எனக் கேட்டிருக்கிறான்.

“பொண்ணு மாப்ள. அவங்களுக்கும் சேத்து டிக்கெட்டு போடு” என்றாயாம்.

நீ சொன்னபோது லேபே சிரித்தது. நான், “வாளியை மேசைமேல வைக்காதே” என்றேன்.

அந்த முட்டைகள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு. தண்ணீரில் தன்போக்கில் விட்டால், ஒன்று இரண்டாகப் பிரியும் முதல் வெட்டு உச்சியிலிருந்து அடிவரை நேராக இறங்கும். முட்டையை இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே உடையாதபடி மெதுவாக நசுக்கினால் வெட்டு வேறு திசையில் போகும். நசுங்கிய முட்டை ஒரு பக்கமாக நீளுகிறது. உள்ளே செல்லைப் பிரிக்கும் மெல்லிய நூல்கட்டு, எந்தப் பக்கம் இடம் அதிகமோ அந்தப் பக்கமாகப் படுத்துக்கொள்கிறது. அதன் நடுவில், நீளத்துக்குக் குறுக்காக வெட்டு விழுகிறது. பிறகு அந்த வெட்டு விட்டுப்போன வடிவத்தைப் பார்த்து அடுத்த வெட்டு விழுகிறது. இதை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து சொல்வேன். நீ மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தபடி, நான் வரைந்து முடிப்பதற்கு முன்பே ஒரு நாள் சொன்னாய்.

“மேடம், எந்தப் பக்கம் நீட்டமா கீதோ அதுக்குக் குறுக்கால தான் கோடு வுழுது, பாத்தீங்களா?”

“அதை நூறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சாச்சு” என்றேன்.

“எழுதுனவரும் பாத்துட்டுத்தானே எழுதினாரு? நானும் பாத்தேன்.”

அன்று எனக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், என் மாணவிகளில் ஒருத்திகூட அந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டாள் என்று தோன்றுகிறது. அவர்கள் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே சுவரில் தொங்கும் படத்தைப் பார்த்து வரைந்துவிடுவார்கள். நான் அதற்குத்தான் மதிப்பெண் போட்டேன்.

நசுக்கிய முட்டைகளில் சில கோணலாகப் போகும். வெட்டு நடுவில் விழாமல் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நிற்கும். பெரியது பக்கத்துச் சுவரில் இடித்து வளைந்து நீளும். அடுத்து அது இரண்டாகப் பிரிவதற்குப் பதில் ஒரே நேரத்தில் மூன்றாகிவிடும். எனக்கு மேசைக்கு மேசை ஒரே மாதிரி முட்டை இருக்க வேண்டும். பில்லர் என்கிற சொட்டுக்குழாயால் ஒவ்வொன்றாக உறிஞ்சி, ஒழுங்கானதைத் தட்டில் விடுவேன், மற்றதை ஓரத்துக் கிண்ணத்தில் விடுவேன். “இதைக் கொட்டிவிடு” என்பேன். ஒரு முறை நீ அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, “மொத கோடு கோணிப்போச்சின்னா அப்பறம் அது இன்னா மேடம் பண்ணும்? இருக்கற எடத்துலதானே வெட்டிக்கணும்” என்றாய். பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக எனக்கு அது படவில்லை.

நீ அவற்றைக் கொட்டவில்லை என்பது எனக்குத் தெரியும். ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீரோடு ஊற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போவாய். கோழிக்குப் போடுகிறாய் என்று நினைத்தேன். பிறகு ஒரு நாள், மாணவிகள் போன பிறகு, கண்ணாடிகளைத் துடைத்தபடி ஆரம்பித்தாய். “மேடம், நீங்க வேணாம்னு கொட்டச் சொன்னதுல…”

“நாளைக்கு பேட்சுக்குத் தண்ணி பிடிச்சு வச்சாச்சா?” என்றேன்.

நீ போய்த் தண்ணீர் பிடித்தாய். அந்த வாக்கியத்தை மறுபடி நீ தொடங்கவில்லை. நானும் கேட்கவில்லை. பதினைந்து வருடம் இருக்கும். அந்தப் பாதி வாக்கியம் என் நினைவில் இருக்கிறது என்பதே மூன்று மாதம் முன்புவரை எனக்குத் தெரியாது.

மூன்று மாதம் முன்பு என் மகள் அந்த மையத்தின் கட்டிலில் படுத்திருந்தாள். அவளுக்கு நாற்பத்தொன்று. மாப்பிள்ளை பெங்களூரில் வேலையில் இருந்தார், மறுநாள் காலை வருவதாக இருந்தது. ஐந்து முட்டை எடுத்ததில் நான்கு நின்றுபோயின. டாக்டர் இளவயதுத் தெலுங்குப் பெண், நல்ல பெண். “ஒக்கட்டே உந்தி அம்மா” என்றாள் என்னிடம், ஒரு விரலைக் காட்டி. பிறகு என் மகளைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். “கிரேடு கொஞ்சம் கம்மிதான். வைக்கலாமா, அடுத்த சைக்கிள் பாக்கலாமா, நீங்க டிசைட் பண்ணுங்க. டென்ஷன் வேணாம். சாயந்திரம் சொன்னா போதும்.” போனில் படத்தை அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

என் மகள் போனை என்னிடம் நீட்டினாள். “நீ பாத்துச் சொல்லும்மா. வாழ்நாள் பூரா இதைத்தானே பாத்தே. நன்னா இருக்கா?”

பார்த்தேன். அது உருண்டையாக இல்லை. வெளி ஓடே ஒரு பக்கம் நீண்டிருந்தது. முதல் வெட்டு ஓரம் தள்ளி விழுந்தது. பெரிய பாதி ஓட்டை ஒட்டி வளைந்து நீண்டது. அப்போதே எனக்கு அடுத்தது தெரிந்துவிட்டது. பதினோராவது விநாடியில் அந்தப் பெரிய பாதி ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இறுகி மூன்றானது. ஒன்றையொன்று அணைத்துக் குவியலாக உட்கார வேண்டிய செல்கள் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி நின்றன. என் கையில் பில்லர் இருந்திருந்தால் அது எந்தக் கிண்ணத்துக்குப் போயிருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

“நன்னா இருக்கு” என்றேன்.

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இன்னொரு முறை முயன்றிருக்கலாம். அதில் ஒன்றுமே கிடைக்காமலும் போயிருக்கலாம். எதுவானாலும் அது அவள் முடிவு. என் இரண்டு வார்த்தையில் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். சாயந்திரம் அவள் டாக்டரைக் கூப்பிட்டுச் சரி என்றாள்.

அது தங்கிவிட்டது. எட்டாவது வாரத்தில் இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். மாப்பிள்ளை ஸ்வீட் பெட்டிகளோடு வந்தார். என் நாத்தனார் திருப்பதி மலைக்கு வேண்டிக்கொண்டு, வரும்போதெல்லாம் என் மகளின் வயிற்றைப் பார்த்துக் கைகூப்பினாள். என் கணவர் இருந்திருந்தால் என் முகத்தைப் பார்த்தே கேட்டிருப்பார். அவர் போய் ஒன்பது வருடம். வேறு யாரும் என் முகத்தைப் படிக்கும் வழக்கம் இல்லை. நான் வெற்றிலைத் தட்டு எடுத்துக் கொடுத்தேன், வாழ்த்துகளை வாங்கிக்கொண்டேன். தனியாக இருக்கும்போது பதினோராவது விநாடியைப் பார்த்தேன்.

போன வாரம் பன்னிரண்டாவது வாரத்து ஸ்கேன். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். அரை மணியில் முடியும் என்றார்கள், ஒரு மணிக்கு மேல் ஆனது. என் மகள் வெளியே வந்து, “குழந்தையோட கழுத்துக்குப் பின்னாடி எதையோ அளந்தா. மூணு தடவ அளந்தா. அப்புறம் பேசவே இல்ல” என்றாள். கருவில் குறை உண்டா என்று பார்க்க ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரும்வரை எதுவும் சொல்ல முடியாது, பெரும்பாலும் பயப்பட ஒன்றுமிருக்காது என்று டாக்டர் சொன்னாள். அவள் கண் என் பக்கம் வரவில்லை.

அதற்கு மறுநாள்தான் வண்டி வைத்துக்கொண்டு உன் ஊருக்குப் போனேன். புத்தூர் தாண்டி, பிச்சாட்டூர் அணைக்கரை தாண்டி, எல்லை வரை. உன் தம்பி மனைவி வாசலில் வேர்க்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். எழுந்துகூட நிற்காமல் பார்த்தாள்.

“காலேஜ் மேடம்தானே? அக்கா செத்தப்ப வந்தீங்க. கார்ல இருந்து எறங்கவேல்ல.”

உண்மைதான். மாலையை டிரைவரிடம் கொடுத்து அனுப்பினேன். முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். இந்த முறை இறங்கினேன். அவள் கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். தவளை முட்டைகளைப் பற்றிக் கேட்டேன்.

“அத்தக் கேக்கறதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்கோ?” என்று சிரித்தாள். “ஊட்டுல தண்ணி குடிக்க ஒரு டம்ளர் கெடைக்காதும்மா. அக்கா ஒண்ணொண்ணுலயும் ஒரு முட்டைய உட்டு வரிசையா அடுக்கி வச்சிரும். எங்க மாமியாரு திட்டிக்கினே இருக்கும். தவளைக்குப் பிரசவம் பாக்கறதுக்கா ஒனக்கு காலேஜுல சம்பளம் குடுக்கறாங்கன்னு.”

“அதெல்லாம் என்ன ஆச்சு?”

“சிலது மறுநாளே வெள்ளையாப் பூத்துடும். தூக்கிப் போட்ரும். சிலது வாலு மொளச்சி ஓடும். நல்லாத்தான் ஓடும். மாட்டுத் தொட்டில உட்ரும். மாடு தண்ணிக்கு வந்தா மாட்ட வெரட்டும்.”

“எத்தனை பிழைச்சுது? பாதியா? பாதிக்கு மேலயா?”

“யாரு எண்ணுனாங்கம்மா.”

“குறையோட ஏதாவது பிழைச்சுதா?”

அவள் கடலையைக் கீழே போட்டாள்.

“ஒண்ணு இருந்திச்சி. ஒரே பக்கமா சுத்திக்கினே கெடக்கும். நேரா போவத் தெரியாது. அத்த மட்டும் அக்கா தொட்டில உடல. டம்ளர்லயே வச்சி கீரை வேவிச்சிப் போடும். காலு வர்ற வரைக்கும் இருந்திச்சி. அப்பறம் தெரியலம்மா. அக்காவத்தான் கேக்கணும்.”

பிறகு அவளாகவே சொன்னாள். “மேடம்கிட்ட சொல்லணும், மேடம்கிட்ட சொல்லணும்னு சொல்லிக்கினே இருக்கும்.”

“சொல்லவேயில்லையே.”

“மேடமுக்கு வேல ஜாஸ்தின்னிச்சி.”

ஒரு தூக்கில் கடலை போட்டுக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அணையில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. கரையை ஒட்டி எங்கேயும் ஒரு தவளைச் சத்தம்கூட கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. பகலில் கேட்காது என்பது தெரிந்தும் அப்படிப் பட்டது.

வீட்டுக்கு வந்தபோது என் மகள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள். “எங்கேம்மா போயிட்டு வரே, சொல்லாம கொள்ளாம?” என்றாள். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உன் ஊர்ப் பெயரைச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். அப்போது எல்லாவற்றையும் சொன்னேன். நீட்டிய ஓடு, ஓரம் தள்ளிய வெட்டு, பதினோராவது விநாடி, கிண்ணம், டம்ளர்கள், ஒரு பக்கமாகவே சுற்றியது. வகுப்பில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராது.

அவள் அழவில்லை. மாதுளை முத்துகளைக் கிண்ணத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியும்மா.”

“டாக்டர் சொன்னாளா?”

“நீதான் சொன்னே. நான் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்தப்போ நீ நன்னா இருக்குன்னு சொல்லலை. கல்யாணப் புடவை கட்டிண்டு வந்து நின்னப்போ மடிப்பு கோணலா இருக்குன்னே. நாற்பத்தோரு வருஷத்துல ஒரு தடவகூட நீ எதையும் நன்னா இருக்குன்னு சொன்னதில்ல. அன்னிக்குப் படத்தைப் பாத்துட்டு உடனே சொன்னே.”

நான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “தெரிஞ்சுமா சரின்னே?”

“ஒண்ணுதானேம்மா இருந்தது.”

பிறகு மிச்ச மாதுளையையும் உரித்து முடித்தாள். இன்னும் என்னவோ கேட்கப்போகிறாள் என்று தெரிந்தது. அவள் தொடங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

“அந்த ஒரு பக்கமா சுத்தினது, கால் வந்தப்புறம் என்ன ஆச்சாம்?”

“தெரியாது” என்றேன். அவள் பிறந்ததிலிருந்து நான் அவளிடம் சொல்லாத இன்னொரு வார்த்தை அது.

நாளைக் காலை பதினொரு மணிக்கு டாக்டர் அறையில் ரிப்போர்ட் கையில் கிடைக்கும். நான்தான் படித்துச் சொல்ல வேண்டுமாம். டாக்டர் சொல்வதற்கு முன்னால், மாப்பிள்ளைக்குப் போன் போவதற்கு முன்னால். “அதுல என்ன இருக்கோ அப்படியே படிம்மா. மாத்தாதே” என்றாள். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

ஒரு உதவியும் உன்னிடம் கேட்பதற்கில்லை. கேட்க வேண்டிய காலத்தில் நீ எதிரே நின்றாய், துடைத்த கண்ணாடியோடு. எத்தனை பிழைத்தது என்ற கணக்கு உன்னோடு போய்விட்டது. அந்த ஒரு பக்கமாகச் சுற்றியதன் கோணல் தெரிந்தே அதற்குத் தனியாக ஒரு டம்ளர் கொடுத்தாய், கீரை வேகவைத்துப் போட்டாய், கால் வரும்வரை பார்த்துக்கொண்டாய் என்பது மட்டும் எனக்குக் கிடைத்திருக்கிறது. நாளை அந்த அறைக்குள் போகும்போது என்னிடம் இருக்கப்போவது அவ்வளவுதான்.